உங்க வீடு நல்லாத்தான் இருக்கு

மீட்டர் அக்கா கரண்ட் ஆபீஸ் வேலையில் சேர்ந்தபோது அவள் தலையில் பதினோரு மலைக் கிராமங்களைக் கட்டினார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று, மீட்டரில் ஓடியிருக்கும் எண்ணைப் பார்த்து, வீட்டு அட்டையிலும் ஆபீஸ் ரிஜிஸ்டரிலும் எழுதிவிட்டு வர வேண்டும். பஸ் போகிற ஊர் மூன்றுதான். மற்றதெல்லாம் நடை. ஆபீஸில் இருந்த ஆண்கள் ஒவ்வொருவரும் முட்டிவலி, முதுகுவலி என்று நழுவியதால்தான் அந்த ரூட் அவளிடம் வந்தது. வந்ததை வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவள் இல்லை.

அவள் புருஷன் அதே ஆபீஸில் லைன்மேனாக இருந்தவன். ஒருநாள் காலை அவன் கம்பத்தின் மேல் இருக்கும்போது கீழே யாரோ கவனிக்காமல் சப்ளையைப் போட்டுவிட்டார்கள். செய்தி சொல்ல போர்மேன் வீட்டுக்கு வந்தார். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, "கையில லேசா அடிம்மா. ஆஸ்பத்திரியில வச்சிருக்கோம். பதறாம வாங்க" என்றார். ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிஷ பஸ். வலது கையா இடது கையா, வலது கையென்றால் சோறு ஊட்டிவிட வேண்டுமே, எப்படியும் பத்து நாள் லீவு கிடைக்கும், அந்த லீவில் ஒழுகுகிற குழாயை மாற்றச் சொல்லலாம் என்றால் ஒற்றைக் கையால் எப்படி மாற்றுவான் என்று நாற்பது நிமிஷமும் அவள் யோசித்துக்கொண்டே போனாள். ஆஸ்பத்திரி வாசலில் ஆபீஸ் முழுக்கக் கூடி நின்றதைப் பார்த்த பிறகுதான் காரியம் புரிந்தது.

சொந்தக்காரர்கள் போர்மேனைக் கிழிகிழி என்று கிழித்தார்கள். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த நாற்பது நிமிஷமும் தன் புருஷன் உயிரோடு இருந்தான் என்றே அவளுக்குத் தோன்றியது. அதைக் கொடுத்தவரை எப்படித் திட்டுவது?

புருஷன் போன ஏழாவது மாதம் அவளுக்கு வேலை போட்டுக் கொடுத்தார்கள். பிள்ளை குட்டி இல்லை. காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறினால் பொழுது சாயத்தான் திரும்புவாள். தோளில் ஒரு துணிப்பை, அதில் ரிஜிஸ்டர், டார்ச், கட்டிங் பிளேயர், ஒரு டப்பாவில் சோறு. எழுபது வயசு ஆளும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார். ஆரம்பத்தில் சிரிப்பாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

முதல் நாலைந்து வருஷம் ஊர்களில் ஆள் இருந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. ஒரு ஊரில் பள்ளிக்கூடத்தை மூடினார்கள், பிள்ளை இருந்த வீடெல்லாம் இறங்கிவிட்டது. இன்னொரு ஊரில் கம்பவுண்டர் ஒருவர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார், அவர் கிளம்பியதும் கிழவர்கள் கிளம்பினார்கள். மழையில் பாதை சரிந்தால் சரி செய்ய ஆள் வரவில்லை. போகிறவர்கள் யாரும் போய்விட்டதாகச் சொல்லவில்லை. ரெண்டு வருஷம், பையன் படிப்பு முடியட்டும், கொஞ்சம் கையூன்றிக்கொண்டு வந்துவிடுகிறோம் என்று வீட்டைப் பூட்டினார்கள். சாவியை நிலைப்படிக்கு மேலே இருக்கும் பொந்தில் வைத்தவர்களும் உண்டு, மீட்டர் அக்காவின் கையில் கொடுத்தவர்களும் உண்டு. அவள் ரிஜிஸ்டரில் அந்த வீட்டுக்கு நேரே 'டோர் லாக்' என்று எழுதுவாள். ஒரு பக்கத்தில் ஒன்றிரண்டாக இருந்த டோர் லாக், பக்கம் முழுக்க ஆனது.

தொடர்ந்து பணம் கட்டாத வீட்டு மீட்டரைக் கழற்றி எடுத்து வருவதும் அவள் வேலைதான். மீட்டர் உள்ளே இருந்தால் பூட்டைத் திறந்தோ உடைத்தோ போக வேண்டும். அப்படித்தான் அவள் நூற்றுக்கும் மேற்பட்ட ஆளில்லாத வீடுகளுக்குள் போயிருக்கிறாள். ஜனங்கள் எதை எடுத்துக்கொண்டு போவார்கள், எதை விட்டுவிட்டுப் போவார்கள் என்று அவளால் கடைசிவரை ஊகிக்க முடியவில்லை. ஒரு வீட்டில் குக்கரை விட்டுவிட்டு மூடியை மட்டும் எடுத்துப் போயிருந்தார்கள். ஒரு வீட்டில் கட்டிலை அறைக்குள்ளேயே வைத்துச் செய்திருந்ததால் அது கதவு வழியாக வராமல், ஒரு காலை மட்டும் அறுத்துப் பார்த்துவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். உடைந்த ஜன்னல் கண்ணாடிக்குப் பதிலாக ஒட்டிய எக்ஸ்ரே படம் ஒன்று இன்னும் இருந்தது. வெயில் அடிக்கும்போது யாருடைய விலா எலும்புகளோ தரையில் நிழலாக விழுந்தன. அந்த வீட்டில் மீட்டரைக் கழற்றும்போது திருகாணி அந்த நிழலுக்குள் விழுந்து, தேடி எடுக்கக் கால் மணி நேரம் ஆனது.

போனவர்கள் அவளுக்குப் போன் செய்ய ஆரம்பித்தார்கள். ஒருவர் நம்பரை ஒருவர் வாங்கினார்கள். வாரத்துக்கு ஐந்தாறு போன் வரும். எங்கெங்கோ நகரங்களில் பேக்கரியிலும், கட்டட வேலையிலும், யார் வீட்டு மாடிப்படிக்குக் கீழேயோ ஒண்டிக்கொண்டும் இருந்தவர்கள். சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்பார்கள், வீடு எப்படி இருக்கிறது என்று.

தொடக்கத்தில் அவள் உள்ளதைச் சொன்னாள். கூரையில் இரண்டு கல் பலகை நழுவிவிட்டது, இந்த மழைக்குள் போட்டுவிட்டால் நல்லது என்பாள். பார்க்கலாம் என்று சொல்லிப் போனை வைப்பார்கள். யாரும் வந்து அந்த இரண்டு பலகையைப் போடவில்லை. வருகிற நிலையில் யாரும் இல்லை. ஒரு பெண், தையல் கம்பெனியில் இருந்தவள், மாட்டுக் கொட்டில் சுவர் விழுந்துவிட்டது என்று கேட்டதும் போனிலேயே அழுது, மெஷினில் விரலைக் கொடுத்துவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. அதற்கு அப்புறம் மீட்டர் அக்கா மாறிக்கொண்டாள். யார் கேட்டாலும், "உங்க வீடு நல்லாத்தான் இருக்கு" என்றாள். நம்ப வைப்பதற்காகக் கொஞ்சம் குறையும் சேர்த்துக்கொண்டாள். கதவு லேசாகப் பிடிக்கிறது, எண்ணெய் விட்டேன், சரியாகிவிட்டது. பக்கத்தில் முள் மண்டியிருந்தது, வெட்டிவிட்டேன். கேட்கிறவர்களின் குரல் அப்படியே இளகும். போர்மேன் தனக்குக் கொடுத்ததைத்தான் தானும் கொடுப்பதாக அவள் நினைத்தாள்.

இப்படிப் போன் செய்தவர்களில் ஒருவர் வெல்டர். பதினோரு ஊரிலும் உயரத்தில் இருந்த, கடைசி பஸ் ஸ்டாப்பிலிருந்து இரண்டரை மணி நேரம் ஏற வேண்டிய மேல் ஊர்க்காரர். துறைமுகத்தில் கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் முப்பத்தோரு வருஷமாகப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் இணைப்பைக் கைவிட்ட பிறகும் அவர் மட்டும் மீட்டரைக் கழற்றவிடாமல் தவறாமல் பணம் கட்டி வந்தார். அவள் அவரை அண்ணே என்பாள், அவர் அவளை அக்கா என்பார். யார் மூத்தவர் என்று அவர்களுக்குள் ஒரு முடியாத வழக்கு.

அவருக்கு வீட்டைவிட மாடி ஜன்னலின் இரும்புக் கிராதிமேல்தான் கவலை. பத்தொன்பது வயசில் தொழில் படித்துவிட்டு வந்து முதன்முதலாகத் தன் கையால் அடித்தது. ஒரு மூலையில் கோணல். அந்தக் கோணலைப் பற்றித் தெரியாமல் உளறியதால்தான் பட்டறை முதலாளி வேலை கொடுக்க யோசித்தாராம், அதையும் அவரே சொல்லிச் சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும், இருமல் நிற்க அவள் காத்திருப்பாள். பிறகு, துரு ஏறியிருக்கிறதா என்று கேட்பார். லேசாக ஏறியிருக்கிறது, பெயிண்ட் அடித்தால் போதும் என்பாள்.

உண்மை என்னவென்றால், மூன்று வருஷமாக அவள் மேல் ஊருக்கே போகவில்லை. ஒரு மழையில் பாதை பாதி மலையோடு சரிந்து ஆற்றுக்குள் போய்விட்டது. அந்த மழை விட்டதும் சுற்றுவழியில் ஒரு தடவை போனாள், முட்டி வீங்கிப் பத்து நாள் படுக்கையில் கிடந்தாள். அங்கே ஒரு குடும்பமும் இல்லாதபோது எதற்கு உயிரைக் கொடுப்பது, கீழே இருந்தே டோர் லாக் என்று எழுதிப் போடு என்று போர்மேனே சொன்னார். எழுதிப் போட்டாள். போனில் மட்டும் போய்ப் பார்த்த மாதிரியே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு ஐப்பசிக் காலை, பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் வாங்க வரிசையில் நிற்கும்போது வெல்டர் கூப்பிட்டார். நெஞ்சு முழுக்கப் புகை படிந்துவிட்டது, இனி பட்டறைப் பக்கம் வரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். குடியிருக்கும் வீட்டை இடித்துக் கட்டப் போவதாக வீட்டுக்காரர் வேறு காலி செய்யச் சொல்கிறார். மகன் இருக்கிற ஒற்றை அறையில் அவன் பெண்டாட்டி, கைக்குழந்தை என்று கால் நீட்ட இடமில்லை.

"நமக்கென்னக்கா, ராஜா மாதிரி வீடு இருக்கு. நல்ல காத்து வேற. பன்னெண்டாம் தேதி கிளம்பி வந்துடறோம், நானும் அவளும்" என்றார்.

அவளுக்கு முன்னால் நின்றவர் நகர்ந்துவிட்டார், பின்னால் இருந்தவர்கள் முதுகைத் தொட்டார்கள். "மழை வர்ற நேரம் அண்ணே. கொஞ்சம் தள்ளிப் போடக் கூடாதா?"

"மழை வந்தா என்ன, கூரைதான் நல்லா இருக்கே."

அந்த இடத்தில் அவள் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அவர் குரலில் இருந்த தெம்பைக் கேட்டுக்கொண்டே அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. முதலில் போய்ப் பார்ப்போம், ஒருவேளை நிஜமாகவே நன்றாக இருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் சுற்றுவழியில் ஏறினாள். நாலேகால் மணி நேரம். ஊர் முகப்பில் இருந்த முதல் கம்பம் சாய்ந்து ஒரு மரத்தின்மேல் தலை வைத்திருந்தது. தெரு என்று ஒன்று இருந்த இடத்தில் இடுப்பளவு செந்தட்டிச் செடி, பட்டால் அரிக்கும். கம்பால் அடித்து அடித்து வழி செய்தாள். மொத்தம் இருபத்து மூன்று வீடு. எந்த வீட்டில் யார் இருந்தார்கள், எந்த மீட்டர் வேகமாக ஓடும், எந்த நாய் கடிக்கும் என்றெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். மாவு மில்காரர் வீட்டில் கூரை மொத்தமாக உட்கார்ந்து, மில்லின் பெரிய சக்கரம் மட்டும் மேலே தலை நீட்டியிருந்தது. இரட்டைப் பிள்ளைக்காரி வீட்டின் முன்னறையில் பன்றி குட்டி போட்டுவிட்டுப் போயிருந்தது, நாற்றம் வாசலிலேயே தடுத்தது. டீக்கடைக்காரர் வீடு வெளியில் இருந்து பார்க்க அப்படியே இருந்தது. கதவைத் தள்ளினால் உள்ளே வானம். சுவரில் மாட்டிய துணிப்பை ஒன்று அப்படியே தொங்கிக்கொண்டிருக்க, அதற்குள் ஏதோ பறவை கூடு கட்டியிருந்தது. சத்தம் என்று எதுவும் இல்லை. எப்போதாவது எங்கோ ஒரு கல் தளர்ந்து விழும், அதோடு சரி.

முன்பு ஊசி போட்டுக்கொண்டிருந்த கம்பவுண்டர் வீட்டுக் கூரை மட்டும் தாக்குப் பிடித்து நின்றது. அவர் தகரம் போட்டிருந்தார்.

வெல்டர் வீடு அதற்கு இரண்டு வீடு தள்ளி. முன்சுவரைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது. கதவு இருந்தது, பூட்டு இருந்தது. பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். பின்சுவர் இல்லை. மாடித் தரையின் பலகைகள் ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு நாக்கைப்போலத் தொங்கின. கூரைக் கற்கள் கீழறையில் முழங்கால் உயரத்துக்குக் குவிந்திருந்தன. குவியலுக்கு வெளியே, குப்புற விழுந்து கிடந்தது இரும்புக் கிராதி. அதன் கட்டங்கள் வழியாக முட்செடி ஏறி, பூத்து, காய்ந்தும் போயிருந்தது. இது போன மழையில் விழுந்ததில்லை. விழுந்து இரண்டு வருஷமாவது இருக்கும்.

மலைமுகட்டில் ஓரிடத்தில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே ஏறிப் போன் போட்டாள். எடுத்தது வெல்டரின் மனைவி. கட்டிலையும் பீரோவையும் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தாகிவிட்டது, பாத்திரம் மட்டும்தான் எடுத்து வருகிறோம் என்றாள். நேற்றிலிருந்து மனுஷருக்கு இருமலே இல்லை, சந்தோஷத்தில் மறந்துவிட்டது போல என்றும் சொன்னாள்.

"அண்ணி, வீட்டுல கொஞ்சம் ரிப்பேர் வேலை இருக்கு" என்றாள் மீட்டர் அக்கா.

"இருக்கட்டுமே. அவர் கை சும்மா இருக்குமா? எதையாவது தட்டிக்கிட்டு இருக்கட்டும்."

கொஞ்சம் ரிப்பேர். பாதி உண்மை சொன்னதோடு அவளுடைய தைரியம் தீர்ந்துபோனது. முழுப் பொய்யாக இருந்தாலாவது ஒரு கணக்கில் சேர்ந்திருக்கும். இந்தப் பாதி, இத்தனை வருஷம் சொன்னதையெல்லாம்விட மோசமானது என்று முகட்டிலிருந்து இறங்கும்போதே அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் திரும்பிப் போய் இன்னொரு போன் போடவில்லை. இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்து, கம்பவுண்டர் வீட்டுப் பூட்டை உடைத்து, எலிப்புழுக்கையைக் கூட்டித் தள்ளி, இரண்டு பாய், ஒரு ஸ்டவ், பத்து நாளுக்கு அரிசி என்று தலையில் சுமந்து கொண்டுபோய் வைத்தாள்.

பன்னிரண்டாம் தேதி கடைசி ஸ்டாப்பில் அவர்கள் இறங்கினார்கள். போனில் கேட்ட குரலை வைத்து அவள் நினைத்திருந்த ஆள் வேறு. வந்தவர் தோள் எலும்பு சட்டையைக் குத்த, நாலு அடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்குகிறவராக இருந்தார். ஆனாலும் முகம் மலர்ந்து கிடந்தது. சுற்றுவழியில் ஏற ஏற, இந்தப் பாறையில் வழுக்கிப் பல் உடைந்தது, இந்த வளைவில்தான் மாமனாரிடம் முதல் பேச்சு வாங்கியது என்று சொல்லிக்கொண்டே வந்தார். மனைவி மீட்டர் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பாதி வழியிலேயே விளங்கியிருக்க வேண்டும்.

வெல்டர் முன்கதவைத் திறக்கவில்லை. நேராகப் பக்கவாட்டுக்குத்தான் போனார், ஜன்னலைப் பார்க்க. போனவர் அங்கேயே நின்றார். குனிந்து கிராதியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எப்ப விழுந்துச்சு?" என்று கேட்டார்.

"தெரியல அண்ணே."

"கடைசியா நீங்க எப்ப பாத்தீங்க?"

"மூணு வருஷம் ஆச்சு."

அவர் தலையை ஆட்டினார். "போன மாசம், பெயிண்ட் அடிச்சா போதும்னு சொன்னீங்களே, அக்கா" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. கணக்கில் எங்கே தப்பினோம் என்று தேடுகிறவர்போலக் கேட்டார்.

கேட்க வேண்டியதைக் கேட்டது மனைவிதான். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "வீடு இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே. அந்த ஒத்த ரூம்லயே மகன் கால்ல விழுந்தாவது ஒரு மூலையில கெடந்திருப்போம். எல்லாத்தையும் குடுத்துட்டு வந்துட்டோமே."

அன்று மூவரும் கம்பவுண்டர் வீட்டில்தான் இருந்தார்கள். இறங்கிப் போய்விடலாம் என்று மீட்டர் அக்கா கெஞ்சிப் பார்த்தாள். எங்கே என்று கேட்டார் வெல்டர். தன் குவார்ட்டர்ஸில் வந்து இருக்கும்படி சொன்னாள். அவர் கேட்காதவர்போல இருந்தார்.

அதன் பிறகு வாரம் இரண்டு முறை அவள் சாமான் தூக்கிக்கொண்டு ஏறினாள். வெல்டர் ஒவ்வொரு நாளும் இடிந்த வீட்டுக்குப் போய்க் கல் பொறுக்கினார். ஒரு கல்லை எடுத்து வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்து இளைப்பாறுவார். முள்ளை வெட்டிக் கிராதியை நிமிர்த்தி, மணலால் தேய்த்துத் துருவை எடுத்தார். சுவரை எழுப்ப ஆள் வேண்டும், கல் தூக்க ஆள் வேண்டும், மரம் அறுக்க ஆள் வேண்டும். அந்த மலையில் இருந்ததே அவரும் மனைவியும்தான். அது அவருக்கும் தெரியும். சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்றுதான் செய்கிறார் என்று மனைவி ஒருமுறை சொன்னாள். அவள் மீட்டர் அக்காவோடு அளவாகப் பேசினாள். உப்பு தீர்ந்துவிட்டது, தீப்பெட்டி நமுத்துவிட்டது, இப்படி.

மீட்டர் அக்கா ஆபீஸில் போர்மேனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. சட்டப்படி அந்த ஊருக்குச் சப்ளை கிடையாது, வெல்டர் பணம் கட்டி வந்தாலும் பாதை சரிந்ததுமே டிரான்ஸ்பார்மரிலேயே ஃபியூஸைப் பிடுங்கியாகிவிட்டது என்று முனகினார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கயிறும் வயரும் எடுத்துக்கொண்டு இரண்டு லைன்மேன்களோடு ஏறிவந்து, சாய்ந்த கம்பத்தை இழுத்துக் கட்டி, பகல் முழுக்கப் பாடுபட்டு, கம்பவுண்டர் வீட்டுக்கு ஒரு லைன் இழுத்து, ஃபியூஸைத் திரும்பப் போட்டார். சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு பல்பு எரிந்தது. வெளியே இன்னும் நல்ல வெயில் இருந்ததால் அது எரிவதே சரியாகத் தெரியவில்லை. வெல்டர் கையைக் குவித்துப் பல்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "எரியுது" என்றார். மேல் ஊரில் அவர் சிரித்து மீட்டர் அக்கா பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கார்த்திகை நடுவில் மழை பிடித்தது. ஐந்து நாள் விடவில்லை. சுற்றுவழியிலும் தண்ணீர் ஓடியதால் அவளால் ஏற முடியவில்லை. ஆறாம் நாள் காலை மனைவியின் போன். முகட்டுக்கு ஏறி வந்து பேசினாள், காற்றில் பாதி வார்த்தை அறுந்தது. மூன்று நாளாகக் காய்ச்சல், இன்று காலையிலிருந்து உதடு நீலமாக இருக்கிறது. முந்தின இரண்டு நாளும் முகட்டுக்கு ஏறிப் பார்த்தாளாம், சிக்னல் கிடைக்கவில்லை.

போர்மேன், இரண்டு லைன்மேன்கள், மீட்டர் அக்கா நாலு பேரும் ஆபீஸ் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மேலே சேரும்போது மதியம் தாண்டிவிட்டது. ஏணியில் பாயை விரித்து அவரைக் கட்டித் தூக்கினார்கள். கனமே இல்லை. இந்த மழையில் சுற்றுவழியும் சரிந்திருந்த ஓரிடத்தில் ஏணியைத் தலைக்குமேல் உயர்த்தி, ஒரு கையால் வேரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கடக்க வேண்டியிருந்தது. அதைத் தாண்டி இறக்கி வைத்தபோது அவர் கண் திறந்திருந்தது. பாதி வழியில், அவருக்குப் பல் உடைந்ததாகச் சொன்ன அந்தப் பாறைக்குக் கொஞ்சம் மேலே, மனைவி அவர் மூக்கருகே கை வைத்துப் பார்த்துவிட்டு, "மெதுவாப் போங்க, இனிமே அவசரம் இல்ல" என்றாள்.

யாரும் மீட்டர் அக்காவைக் குறை சொல்லவில்லை. அவள் அழக்கூட இல்லை. தனக்கு அழுகிற உரிமை இருக்கிறதா என்றே அவளுக்குத் தெரியவில்லை. மகன் வந்து தாயைக் கூட்டிக்கொண்டு போனான். அவன் மீட்டர் அக்காவுக்கு நன்றி சொன்னான். அம்மா அவனிடம் எதையும் சொல்லவில்லை என்பது அப்போது புரிந்தது. அது எந்தத் திட்டையும்விட ஆழமாக இறங்கியது.

அதற்குப் பிறகு போன் செய்தவர்களுக்கெல்லாம் அவள் உள்ளதைச் சொல்ல ஆரம்பித்தாள். போகாத வீட்டைப் போகவில்லை என்றாள். விழுந்ததை விழுந்தது என்றாள். ஒருவர் அவளைத் திட்டினார், இத்தனை வருஷம் ஏன் ஏமாற்றினாய் என்று. இன்னொருவர் சரி என்று வைத்துவிட்டார், பிறகு கூப்பிடவே இல்லை. தையல் கம்பெனிப் பெண் அழுதுகொண்டே, "இதை ஏன்க்கா சொன்னீங்க? நான் வந்து பாக்கவா போறேன்? நல்லா இருக்குன்னே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். மீட்டர் அக்கா போனை வைத்தாள். பொய் சொல்லி ஒருவரை வரவழைத்துக் கொன்றாயிற்று, உண்மையைச் சொல்லி இவளை அழ வைத்தாயிற்று. மூன்றாவதாகச் சொல்ல ஒன்று இருந்தால் அது என்னவென்று அவளுக்குப் பிடிபடவில்லை. தை மாதம் முடிவதற்குள் போன் அநேகமாக நின்றுவிட்டது. சும்மா கிடக்கும் போனை நாளைக்கு நாலு தடவை எடுத்துப் பார்த்து வைத்தாள்.

மாசியில் ஒருநாள் லீவு போட்டுவிட்டு, விசாரித்து, வெல்டர் மகனின் வீட்டுக்குப் போனாள். பஸ்ஸில் ஒன்பது மணி நேரம். துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்து, மூன்றாவது மாடி. அந்த ஒற்றை அறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடத்தில் வெல்டரின் மனைவி பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். அவள் எழுந்து டீ போட்டுக் கொடுத்தாள். பஸ் கூட்டமா என்று கேட்டாள். முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். மீட்டர் அக்கா டீயைக் குடித்து முடித்தும் பேச வேண்டியதைத் தொடங்க முடியாமல் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லத்தானே வந்தீங்க?" என்றாள் மனைவி.

"ஆமா அண்ணி."

மனைவி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னாள். "எனக்கு உங்க மேல கோவம் இல்ல. அவருக்கும் இல்ல, அது உங்களுக்கே தெரியும். ஆனா இனிமே வராதீங்க. உங்க மூஞ்சியைப் பாத்தா அந்தச் சுவருதான் கண்ணுக்கு முன்னாடி வருது. இங்க இந்தப் பிள்ளையோட இருக்கும்போது கொஞ்சம் மறந்திருக்கேன்."

மீட்டர் அக்கா தம்ளரைக் கழுவி வைத்தாள். கொண்டுபோயிருந்த பழப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கதவருகே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. மூன்று மாடி இறங்கி, சந்துக்கு வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டு நடந்தாள். திரும்புகிற பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. மரத்தடியில் பெஞ்சுகள் எல்லாம் நிறைந்திருந்ததால், வெயிலிலேயே நின்றாள்.